அண்ணி நின்ற வளைவு

தோசைக் கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக அண்ணி ஹாலுக்கு வந்து நின்ற அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கல்யாணமாகி எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவர் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உள்ளே தோசை கருகும் வாசனை. அம்மா ஜெபமாலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். "அடுத்த வருஷத்து அட்டவணை வந்துடுச்சு அத்தை," என்றார் அண்ணி. "ரயிலுக்கா?" என்று கேட்டாள் அம்மா. பொன்மலை ரயில்வே பணிமனையில் மகன் வேலை பார்க்கும் வீட்டில் அட்டவணை என்றால் வேறென்ன இருக்க முடியும்? அண்ணி சிரித்தார். "இல்ல அத்தை, கார் ரேஸ். உலகம் பூரா ஊர் ஊரா போய் நடத்துவாங்களே, அது." அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

அண்ணிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தீயணைப்பு, பாதுகாப்புப் பிரிவில் வேலை. பிறந்த வீடு காட்டூர். அந்த அட்டவணை வந்துவிட்டால் வீட்டின் ஒரு வருஷம் முழுவதையும் அவர் மனதுக்குள் மாற்றி அடுக்கிவிடுவார். தவக்காலத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்கும். அது நமக்கு விடிகாலை, எழுந்துவிடலாம். ஜப்பானில் சுசுகா, எட்டு என்று எழுதியதுபோல் தன்னைத்தானே மேம்பாலத்தில் கடந்து போகும் தடம். மொனாக்கோ ஊருக்குள் ஓடுவது. நம் பெரிய கடை வீதியில் கடைகளை அடைத்துவிட்டு கார் ஓட்டினால் எப்படியோ அப்படி. பெல்ஜியத்துக் காட்டுக்குள் இருக்கும் ஸ்பாவில் ஒரு கோடியில் மழை பெய்யும், மறு கோடியில் வெயில் அடிக்கும். "ஜங்ஷன்ல காய்ஞ்சு கிடக்கும், ஸ்ரீரங்கத்துல கொட்டும்ல, அது மாதிரி," என்பார். இத்தாலியில் மோன்ஸா வரும்போது வேளாங்கண்ணித் திருவிழாவும் வந்துவிடும். அந்த வாரம் மட்டும் அம்மாவோடு ஒரு சின்னப் போராட்டம். பிறகு சிங்கப்பூர், இரவு விளக்குகளுக்குக் கீழே, நம் ஊர் போலவே புழுக்கத்தில். கடைசியில் அபுதாபி. அது முடிந்தால் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட உட்கார்ந்துவிடலாம்.

வெறும் பார்வையாளராக இருந்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். அண்ணி மார்ஷலாகவும் இருந்தார். பந்தயத் தடத்தில் வளைவுக்கு வளைவு ஆரஞ்சு நிற உடுப்பில் சிலர் நிற்பார்கள். கார் நின்றுவிட்டாலோ பைக் சறுக்கினாலோ மஞ்சள் கொடி காட்டிப் பின்னால் வருபவர்களை எச்சரிப்பதும், ஓடிப்போய் விழுந்தவரைத் தூக்குவதும், தீயை அணைப்பதும் அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. தொழிற்சாலையில் ஒரு பயிற்சிக்காகப் போன இடத்தில் அண்ணிக்கு இது பழக்கமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "அவ சொன்னா, நான்தான் ஏதோ ஸ்போர்ட்ஸ் கிளப்புன்னு நினைச்சேன்," என்றான் அண்ணன் பின்னால் ஒருமுறை. பந்தயம் இருக்கும் வாரங்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணி சென்னைக்கு ரயிலேறிவிடுவார். திங்கட்கிழமை காலை முகமெல்லாம் கறுத்து, கழுத்தில் வெயில் கோடு விழுந்து திரும்பி வருவார். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு மருமக வரலியான்னு கோயில்ல கேக்குறாங்க, நான் என்ன சொல்றது?" என்று அம்மா கேட்பாள். "சனிக்கிழமை சாயங்காலமே அங்க பூசை பார்த்துட்டேன்னு சொல்லுங்க அத்தை," என்பார் அண்ணி. அது உண்மையாகவும் இருக்கும்.

அவர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் எங்கள் வீடு ஒரு நிலையில் இருக்காது. பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்த நான் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். அண்ணன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பான். போன் வந்தால் உடனே எடுக்க மாட்டான். யார் என்று ஒரு கணம் பார்ப்பான். அந்தக் கணத்தில் அவன் முகம் இருக்கும் விதத்தை அண்ணி ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. சிங்கப்பூர் பந்தயத்துக்கு வெளிநாடுகளிலிருந்து எடுக்கும் மார்ஷல்களில் அண்ணியும் ஒருவர். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவது எங்களுக்குப் புதிதல்ல; தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அங்கே பிள்ளை இருப்பான். ஆனால் வேலைக்கும் இல்லாமல், சொந்தத்தைப் பார்க்கவும் இல்லாமல், ஒரு வளைவில் நிற்பதற்காக விமானம் ஏறப்போகிற முதல் ஆள் அண்ணிதான். அம்மாகூட அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். என்ன வேலை என்று கேட்டால் மட்டும், "பாதுகாப்பு வேலை," என்று முடித்துக்கொள்வாள்.

புறப்பட இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது சென்னைத் தடத்தில் பைக் பந்தயம் ஒன்று. அண்ணி நின்ற வளைவில் ஒருவன் சறுக்கி விழுந்தான். பைக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கொடி காட்டிய பிறகுதான் அண்ணியும் இன்னொருவரும் ஓடியிருக்கிறார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. தடத்தில் சிந்திய எண்ணெயில் பின்னால் வந்த பைக்கும் வழுக்கி, நேராக அண்ணியின் வலது முழங்காலில் வந்து இடித்தது. அதில் யார் தப்பும் இல்லை. நானும் அண்ணனும் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கண் விழித்துப் படுத்திருந்தார். "அந்தப் பையன் நல்லா இருக்கானாம்," என்பதுதான் முதல் பேச்சு. அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இதோட போதும்," என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிங்கப்பூர் பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. போடட்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அண்ணி அன்றைக்கு முழுவதும் ஊன்றுகோலோடு உட்கார்ந்து பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த பந்தயப் பருவம் தொடங்கியது, விடிகாலையில் எழுந்து பார்க்கவில்லை. அம்மாவே ஒருநாள், "இன்னிக்கு ஏதோ ரேஸ் இருக்காம்ல, பேப்பர்ல போட்டிருக்கான்," என்றாள். "இருக்கட்டும் அத்தை," என்றார் அண்ணி. அவருடைய கால் ஆடுவது நின்றிருந்தது. அடிபட்ட கால் மட்டும் என்றில்லை, இரண்டுமே. துறுதுறுவென்று இருந்த ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் மற்றவர்களால் உட்கார முடிவதில்லை என்பதை அந்த மாதங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

கால் சிகிச்சைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தோம். கோயில் கைங்கர்யக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. "எலும்பெல்லாம் நன்னா கூடியிருக்கு. பெருமாள் அனுக்ரஹம். இனிமே நடக்கணும், நடந்துண்டே இருக்கணும்," என்றார். அதனால் சிகிச்சை முடிந்ததும் நானும் அண்ணியும் சித்திரை வீதியைச் சுற்றி நடப்போம். நேராகப் போய்ச் சட்டென்று திரும்பும் நான்கு முனைகள் கொண்ட வீதி. பழைய அண்ணியாக இருந்திருந்தால் ஒவ்வொரு முனைக்கும் ஏதாவது ஒரு தடத்தின் வளைவுப் பெயரை வைத்திருப்பார். இப்போது தரையைப் பார்த்தபடி நடந்தார்.

ஒருநாள் வடக்குச் சித்திரை வீதி முனையில், எங்கள் கண்ணெதிரில், ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் மணலில் வழுக்கி விழுந்தாள். பையிலிருந்த தக்காளியெல்லாம் உருண்டது. பூக்கடைக்காரர் ஓடினார், ஆட்டோக்காரர் ஓடினார், நானும் ஓடினேன். அந்தப் பெண் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லைங்க," என்றாள். திரும்பிப் பார்த்தால் அண்ணி நான் விட்டுவிட்டு ஓடிய இடத்திலேயே நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. திரும்பும் வழியில், பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கால் வலிக்கலை. டாக்டர் சொன்ன மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஓடணும்னு நினைச்சேன், ஓட முடியல. பயம்." பஸ் பாலத்தைத் தாண்டியதும், "உங்க அண்ணன் சொல்லித்தான் நான் விட்டேன்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்கீங்க. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

அதை நான் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. தன் ஒரு வார்த்தையால்தான் இவள் இப்படி ஆகிவிட்டாள் என்று அவன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தான். அடுத்த சனிக்கிழமை பணிமனை வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு இரவு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தவனின் கழுத்தில் வெயில் கோடு விழுந்திருந்தது. அண்ணி அதைப் பார்த்த மாத்திரத்தில் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எங்க போயிருந்தீங்க?"

"நீ நின்ன இடத்துக்கு. புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சின்னாங்க, பேரைக் குடுத்தேன்."

"உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

அண்ணன் கை கழுவப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தான். "முதல் பைக் பக்கத்துல போனப்பவே கால் நடுங்கிடுச்சு. பக்கத்துல வயசான மார்ஷல் ஒருத்தர் நின்னார். சார், எனக்கு நடுங்குதுன்னு சொன்னேன். எனக்கும்தான் நடுங்குது, வருஷக்கணக்கா நடுங்குதுன்னார். நடுங்காதவனை இங்க நிக்க விட மாட்டோம், அவன் கொடி காட்டுறதுக்கு முன்னாடியே ஓடிருவான்னார்." பிறகு, "ஆஸ்பத்திரில நான் சொன்னேன்ல, போதும்னு. அது உன்னைப் பார்த்துச் சொல்லலை. எனக்கு அதுக்கு மேல தாங்காதுன்னு சொன்னேன். இப்ப ஓரளவு தாங்கும்," என்றான்.

அண்ணி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "தொப்பி போட்டுட்டு நிக்கணும். யாரும் சொல்லலியா?" என்று கேட்டு, தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து அவன் கழுத்தில் தடவினார். அம்மா, "இனிமே ரெண்டு பேரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் தடவை தடத்துக்குத் திரும்பிப் போனபோது அண்ணி காலைப் பயிற்சி ஓட்டம் முடியும் முன்பே மார்ஷல்களின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டாவது தடவை மத்தியானம் வரை நின்றார். நடக்க முடிந்தாலும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இனி வேகமாக ஓட முடியாது என்பது உறுதியானபோது, ஓடும் வேலையை விட்டுவிட்டுக் கொடி பிடிக்கும் வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓடுகிறவர்களின் உயிர் அந்தக் கொடியில்தான் இருக்கிறது. அது சின்ன வேலை இல்லை. ஒரே வளைவில் அண்ணி கொடி பிடிக்க, அண்ணன் ஓடியிருக்கிறான். அன்றைக்கு அவன் வேலியைத் தாண்டிப் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு, "நீங்கல்லாம் வீட்டுல எப்படி உட்கார்ந்திருந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது," என்று எனக்குப் போன் பண்ணிச் சொன்னார் அண்ணி.

மறுபடி விண்ணப்பித்து, சென்ற பருவத்தில் அண்ணி சிங்கப்பூர் போனார். கொடி பிடிக்கும் மார்ஷலாக. அண்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை. பந்தயம் நம் நேரத்துக்குச் சாயங்காலம். டிவி முன்னால் நாங்கள் மூன்று பேர். அண்ணன் உட்காரவே இல்லை. ஆரஞ்சு உடுப்பு எங்கே தெரிந்தாலும், "அங்க பாரு," என்பான். அதற்குள் கார் கடந்துவிடும், படம் மாறிவிடும். அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பாதிப் பந்தயத்துக்கு மேல் ஒரு கார் வளைவை விட்டு விலகிப் போய் நின்றது. வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு கை, மஞ்சள் கொடியை வேகமாக அசைத்தது. கை மட்டும்தான் தெரிந்தது. கண் சிமிட்டும் நேரம். "அவதான்," என்றான் அண்ணன். "அவ கைதாம்மா அது. அவ இப்படித்தான் முழங்கையை மடக்காம வீசுவா." அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

வரப்போகும் பருவத்தின் அட்டவணை இப்போது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மாட்ரிடில் புதிதாக ஒரு தடம் சேர்கிறது, அதில் சாய்வான பெரிய வளைவு ஒன்று இருக்கிறதாம்; அதனால் இந்த முறை ஸ்பெயினில் இரண்டு பந்தயங்கள். நெதர்லாந்தின் கடற்கரைத் தடத்துக்கு இதுவே கடைசி ஆண்டு. கார்களே புது விதிகளின்படி மாறுகின்றன, யார் முன்னால் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்கிறார் அண்ணி. சொல்லும்போது கால் ஆடுகிறது. இருவரும் சிங்கப்பூருக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பதில் வந்ததா என்று அம்மாதான் தினமும் கேட்கிறாள்.

அண்ணன் பணிமனையிலும் கோயில் வாசலிலும் அந்தக் கையின் கதையைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சிங்கப்பூரிலிருந்து அண்ணி திரும்பிய அன்றே, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, அதைச் சொல்லிவிட்டான். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தக் கார் நின்னது நான் நின்ன பக்கமே இல்ல. ரொம்பத் தள்ளி, வேற முனை. அங்க நின்னது மலேசியாக்காரப் பொண்ணு ஒருத்தி." சொல்லலாமே என்றேன். "எதுக்கு?" என்றார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் புதிதாக வந்திருக்கும் ஃபாதரிடம் அதே கதையைச் சொன்னான். முழங்கையை மடக்காமல், வேகமாக வீசி, கையைக் காட்டினான். ஃபாதர் வியந்து அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு ஃபாதரிடம் திரும்பி, "ஆமாங்க ஃபாதர், ரொம்ப வேகமாத்தான் வீசணும்," என்றார்.