மஞ்சள் கொடி

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த நண்பன் ரப்பர் படகு ஒன்று கொண்டுவந்திருந்தான். குருசுக்குப்பத்தில் ஒரு மீனவர்தான் அலை தாண்டும்வரை எங்களைத் தள்ளிவிட்டார். கரை சிறுத்துத் தெரிந்த இடத்தில், தெர்மாகோல் மிதவையொன்றில் மஞ்சள் கொடி ஆடியது. அவ்வளவு தூரம் போனதற்கு அடையாளமாக அதை அவிழ்த்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த மீனவர் வெறும் படகோடு கரையில் நின்றார்.

"வலை போட்ட எடத்துல மஞ்சக் கொடி கட்டியிருந்தேன் தம்பி. காலைலேர்ந்து தேடறேன், கண்ணுல படல. நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றிருந்தால், எந்தப் பக்கம் என்றாவது கைகாட்டியிருக்கலாம்.

"இல்லண்ணா" என்றேன்.

"காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும். இன்னொருவாட்டி பாத்துட்டு வரேன். கொஞ்சம் தள்ளிவிடுங்க."

தள்ளிவிட்டேன். இருட்டும்வரை தேடியும் அவருக்கு வலை கிடைக்கவில்லை.

கொடி இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய புடவைத் துணி. ஓரத்தை யாரோ பொறுமையாக மடித்துத் தைத்திருக்கிறார்கள்.