பட்டியல் கும்-ஹீ

கொரியாவில், குன்சான் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் பியோ கும்-ஹீயோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டேன். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் வாசித்துச் சரிபார்க்க ஒரு பாதுகாப்புப் பட்டியல் உண்டு. அவளுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் உல்லாசப் பயணம் கிளம்பிய அன்று, பஸ்ஸை நிறுத்தி, யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று கேட்டாள். டிரைவரையும் விடவில்லை.

ஒரு மத்தியானம் ஏழு வயது தோ-யுலைக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது, காத்திருக்க நேரமில்லை. "பட்டியலெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், சீக்கிரம்," என்றார் சர்ஜன் நாம்குங், கையைக் கழுவிக்கொண்டே. மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. நானும் ஊசியை எடுத்துவிட்டேன்.

கும்-ஹீ நகரவில்லை. பட்டியலைப் பார்த்துப் பையனிடம் கேட்டாள்: "ஆடுற பல்லு ஏதாவது இருக்கா?"

"இல்லன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்கடி," என்றேன்.

"பல்லு அம்மாவோடதா? இவன் சொல்லட்டும்."

பையன் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"ஏம்மா, இது என்ன பல் ஆஸ்பத்திரியா?" என்றார் நாம்குங்.

"நீங்க கையக் கழுவுங்க டாக்டர். கட்டைவிரல விட்டுட்டீங்க."

அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். அவள் பையனிடம் குனிந்தாள். "என்னடா தங்கம், எதுக்குப் பயம்?"

"அப்பாகிட்ட சொல்லிருவீங்க, ஆன்ட்டி. அவரு பல்லுல நூலக் கட்டி, அதப் பிடுங்க நெத்தியில ஒண்ணு போடுவாரு. அண்ணனுக்குப் போட்டாரு. பல்லு அங்கயே இருந்துச்சு, அண்ணன்தான் விழுந்தான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "உங்கப்பா வெளிய நிக்கிறாரு. இங்க யாரும் உன் நெத்தியத் தொட மாட்டாங்க."

வாயைத் திறந்தான். மேல் முன்பல் ஒன்று நாரில் தொங்குவது போல ஆடியது. மூச்சுக்குழாய்க்குள் விழுந்திருந்தால் பிள்ளைக்கு மூச்சே அடைத்திருக்கும். மூச்சுக்குக் குழாய் இறக்க வாய்க்குள் கருவியை விடப் போவது என் கை. என் சிரிப்பு அடங்கிப்போயிற்று.

பையன் தூங்கியதும் பல்லைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. ஒரு சின்னக் குப்பியில் போட்டு, குழாயைப் பத்திரமாக இறக்கினேன். கத்தியை வாங்க நீட்டிய கையை நாம்குங் தானாகவே மடக்கிக்கொண்டார்.

"அடுத்தது என்னம்மா? வாசி."

"எல்லாரும் பேரும் வேலையும் சொல்லணும், டாக்டர்."

தினமும் பார்க்கிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல முழுப்பெயரையும் சொன்னார். அடுத்தது என் முறை. என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், கண் குப்பியில் கிடந்த பல்லுக்குப் போயிற்று. கும்-ஹீ பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.