மோதிரவிரலுக்கு எம்.சி.

போன மாதம் அம்பாங்கானில் இருக்கிற என் வீட்டில் சார்டின் டின்னைத் திறக்கப்போய் என் சுண்டுவிரல் நரம்பை அறுத்துக்கொண்டேன். நரம்பு என்றுதான் நாம் சொல்வோம். விரலை மடக்குகிற நார் அது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தைத்து, முழங்கைக்குக் கிட்டே வரை பிளாஸ்டிக் தாங்கி ஒன்றைக் கட்டி, ஆறு வாரம் கழற்றக் கூடாது என்று அனுப்பினார்கள். தெரபி பார்க்கிற பெண்ணுக்கு என் மகள் வயது. முதல் வாரத்திலேயே அவளுக்கு ஏழெட்டு முறை போன் செய்திருப்பேன். தும்மலாமா, சோம்பல் முறிக்கலாமா, கனவில் யாரையாவது அடித்துவிட்டால் என்ன செய்வது.

"அங்கிள், விரல்லதான் வெட்டு, தலையில இல்ல லா," என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணு மட்டும். தாங்கிய கழட்டிட்டு கனமா எதையும் தூக்கிடாதீங்க. தச்சது உள்ளயே அறுந்துரும். சில பேருக்கு வலிகூட பெருசா தெரியாது. மடக்கிப் பாக்கும்போதுதான் விரல் வரலன்னு தெரியும்."

இதற்கும் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

எனக்குப் பத்து வயதில் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்; பட்டையைக் கீறிப் பால் இறக்குவதைத்தான் வெட்டுவது என்போம். ஒரு நாள் ஈரத்தில் வழுக்கி விழுந்தவர், கத்தியின் கூர்ப்பக்கத்தையே பிடித்துவிட்டார். வலது கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நரம்பு போயிற்று. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் தைத்து, எனக்கு இப்போது கட்டியதைப் போலவே ஒன்றைக் கட்டினார்கள். விரல்கள் மடங்கிக் கத்தியைப் பிடித்தால் பழைய வேலை. மடங்காவிட்டால் புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்த்துவிடுவேன் என்று ஆட்களை மேய்க்கிற மண்டோர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்துப் பெண்களின், மருந்து தின்று கறுத்த நகங்களைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருந்தோம்.

மணிக்கொரு முறை இடது கையால் ஒவ்வொரு விரலையும் பத்துத் தடவை மடக்கிவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் தெரபி பார்த்த மிஸ்ஸியின் உத்தரவு. எண்ணுகிற வேலை எனக்கு. சும்மா எண்ணினால் நான் நானா? விரல்களுக்குப் பெரட்டு எடுத்தேன். விடியற்காலையில் மண்டோர் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அவருடைய கட்டைக் குரல் எனக்கு அச்சாக வரும்.

"நடுவிரல்!"

"வந்துட்டேங்க," என்பார் அம்மா.

"மோதிரவிரல்!"

"வந்துட்டேங்க."

நாலாவது வாரம், மிஸ்ஸியின் அனுமதியோடு, விரல்கள் தாமாகவே கொஞ்சம் மடங்கின. அன்றைக்கு அம்மாவின் பதில் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேர்த்து அரிக்கிறதென்று அம்மா வீட்டின் பின்னால் உட்கார்ந்து தாங்கியைக் கழற்றி, கையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கழற்றியது தப்புதான். ஆனால் கையை மடியை விட்டு எடுக்கவில்லை; பிறந்த குழந்தையைப் போல வைத்திருந்தார். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். தகரச் சுவருக்குப் பின்னால் நான். வானம் வேறு லேசாக இருட்டிக்கொண்டு வந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"மழ வருது! பால எடு! பால எடு!" மண்டோர் குரலில் கத்தினேன்.

மரத்தில் கட்டிய மங்கில், அந்தச் சின்னக் கிண்ணத்தில், வடிந்து நிற்கும் பாலை மழை அடித்துக்கொண்டு போவதற்குள் வாளியோடு மரம் மரமாக ஓட வேண்டும். அந்தக் குரலுக்கு யாரும் யோசித்து எழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மரமே வெட்டுவதில்லை என்பதுகூட அம்மாவுக்குத் தோன்றவில்லை. எழுந்த வேகத்தில் வலது கை வாளியைத் தூக்கிவிட்டது. இரண்டடி போன பிறகுதான் நின்றார்.

நான் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா வாளியைக் கீழே வைத்தார். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

"மண்டோரு உன்கிட்ட தோத்தாருடா," என்றார். தாங்கியை மாட்டிப் பட்டைகளை ஒட்டிவிடவும் என்னைத்தான் கூப்பிட்டார்.

சாயங்காலம் அப்பாவின் முன்னால் பெரட்டு எடுத்தேன். நடுவிரல் வந்தது. மோதிரவிரல் வரவில்லை. நீட்டியபடியே கிடந்தது.

"மோதிரவிரலுக்கு எம்.சி.," என்று அறிவித்தேன். டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவர்களை மண்டோர் அப்படித்தான் சொல்வார்.

அப்பா சிரிக்கவில்லை. "என்னா பண்ண?"

"துணி பிழிஞ்சேன்," என்றார் அம்மா.

"ஆறு வாரம் சும்மா உக்கார முடியல, இல்ல? கைய நீயே கெடுத்துக்கிட்ட."

திரும்பவும் கிழித்துத் தைக்க வேண்டும், தைத்தாலும் உறுதியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். கத்தி பிடிபடவில்லை. வேலையை விட்டு நிற்கிறவரை மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தார்; அவர் நகங்களும் அந்தக் கூட்டத்து நகங்களாயின. குழம்பில் உப்புக் கூடினால்கூட அப்பா அந்தத் துணிக் கதையைத்தான் எடுப்பார். அம்மா ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. இப்போது இருவருமே இல்லை. போன மாதம் வரை நானும் அந்தத் துணியைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வெளியே போன பிறகு, அம்மாவுக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றேன். மண்டோர் குரல்தான்.

"மிஸ்ஸி அவ்ளோ சொன்னாங்கதானே? சொன்னா கேக்கணும்மா."

அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆமாய்யா. என் தப்புதான்."

இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னார்.