கொழுந்துத் தராசில் ஏறிய டீச்சர்

எண்பதுகளின் தொடக்கத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முப்பது வயது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஒரு ரவிக்கையும் கொக்கி மாட்ட விடவில்லை. தோட்டத்து மிட்வைஃப் அக்கா பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்தார். நுவரெலியாவில் ஏதோ வகுப்புக்குப் போனவர், பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் குசினி அடுப்படிக்கு வந்தார்.

"டீச்சர், ஒடம்பு கூடவா கொறைவான்னு கண்ணால பாத்துச் சொல்லத் தேவையில்லயாம். எடைய ஒசரத்தால வகுத்தாப் போதும். பெரியவங்களுக்கு மட்டும்தான். பிள்ளைகளுக்கு வேற கணக்கு."

கதவு நிலையில் கரிக்கோடு போட்டு என்னை அளந்தோம். ஒன்றரை மீற்றர். எடைக்குத்தான் வழியில்லை. டிஸ்பென்சரியில் இருந்தது கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசு.

"மடுவத்துக்குப் போவோம் வாங்க," என்றார் அக்கா.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பின்னேர நிறுவை முடிந்திருந்தது. உத்தரத்தில் தொங்கிய தராசுக் கொக்கியில் ஒரு கொழுந்துச் சாக்கை மாட்டினார் நிறுவை எழுதும் கணக்கப்பிள்ளை. சேலையை இடுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் முட்டியது. சாக்கு மெல்லச் சுழன்றது. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து நானும் சிரிக்க, முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"சிரிக்காம இருந்தாத்தான் நிறுக்கலாம் டீச்சர்," என்றார் கணக்கப்பிள்ளை. பிறகு, "அறுபத்து மூணு கிலோ. ஈரத்துக்குக் கழிக்கவா?"

"எங்க கொழுந்துல எங்ககிட்ட கேக்காமலேதானே கழிக்கிறீங்க," என்றார் வாசலில் நின்ற கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர். மடுவமே சிரித்தது.

தரையில் சோக்கட்டியால் வகுத்தேன். நாற்பத்திரண்டு வந்தது.

"இருபதுக்கும் இருபத்தஞ்சுக்கும் நடுவுல இருந்தா நல்லதுன்னாங்க," என்று அக்கா இழுத்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா கைப்பையைக் குடைந்து தன் குறிப்பை எடுத்துப் பார்த்தார். "ஐயோ, ஒசரத்தால ரெண்டு தடவ வகுக்கணும் டீச்சர்."

மறுபடி வகுத்தேன். இருபத்தெட்டு. கொஞ்சம் பருமன் என்று அறிந்து அவ்வளவு மகிழ்ந்தவள் அந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

வாசலில் நின்ற பெண்ணும் ஏறினார். அவர் உயரத்தையும் தூணில் அளந்து வகுத்தேன். இருபத்தாறு.

"அப்ப நானும் கூடவா?"

அக்கா குனிந்து அவருடைய கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். "இது கல்லு மாதிரி இருக்கு. தசையா கொழுப்பான்னு இந்தக் கணக்குக்குத் தெரியாது. உங்களுக்கு மல ஏறி வந்த எட. டீச்சருக்கு ரொட்டி தின்னு வந்த எட."

அந்த வாரமே மூன்றாவது ரொட்டியை நிறுத்தினேன். சனிக்கிழமைகளில் அக்காவும் நானும் பஸ்ஸை விட்டுவிட்டு டவுனுக்கு நடந்தோம். முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி, மதகுக்கு மதகு உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். சில மாதங்களில் பேச்சு நிற்காமலே ஏற்றம் முடிந்துவிட்டது.

மறுபடி மடுவத்துக்குப் போனோம். இம்முறை இருபத்தாறு. அக்கா என்னைச் சாக்கிலிருந்து இழுத்தெடுத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றினார். உதிர்ந்து கிடந்த கொழுந்தில் கால் வழுக்க வழுக்க, தலை கிறுகிறுக்கச் சுற்றினோம்.

கணக்கப்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"டீச்சர், மடுவத்தப் பூட்டணுங்க."