மொட்டைக்கு முன் பாஸ்போர்ட்

எங்களுக்குச் சொந்த ஊர் திருப்பதி பக்கம் நகரி. நேபாளத்திலுள்ள முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போவது என் பலநாள் ஆசை. "திருமலையில மொட்டை போட்டுக்கினு நேரா ஏர்போர்ட் போயிடலாம்மா, ஆதார் போதும்" என்றார் திருப்பதி டிராவல்ஸ்காரர். அப்படியே செய்தேன். சென்னை விமான நிலையக் கவுண்டரில், "நேபாளத்துக்கு ஆதார் செல்லாது, பாஸ்போர்ட் இல்லாட்டி வாக்காளர் அட்டை வேணும்" என்றார்கள். நல்லவேளையாக வாக்காளர் அட்டை வைத்திருந்தேன். அந்தப் பழைய படத்தில் தலைநிறைய முடி.

"இது நீங்க இல்லையே!"

"என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதாய்யா?" என்று கூட வந்த கணவர் கத்தியும் விடவில்லை. விமானம் போய்விட்டது.

டிராவல்ஸ்காரரைக் கேட்டால், "மொட்டைக்கு நான் இன்னாம்மா பண்றது?" என்று சிரிக்கிறார். முடி வளர்ந்ததும் முதல் வேலையாக பாஸ்போர்ட் எடுத்தேன். இனி முக்திநாத் போய்வந்த பிறகுதான் மொட்டை என்று பெருமாளிடமே சொல்லிவிட்டேன்.