முதல் பந்தியும் என் ஊசியும்

எனக்குச் சர்க்கரை வந்தபோது பதினான்கு வயது. சிறுபிள்ளைகளுக்கு வருகிற ரகம் அது. மாத்திரைக்கு மசியாது, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் இன்சுலின் போட்டே ஆகவேண்டும். எப்படிப் போடுவது என்று திருப்பதி டாக்டர் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதை எங்கள் ஊரான சத்தியவேட்டில் ஒருவருக்கும் தெரியாமல் எப்படிப் போடுவது என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டப்புள்ளைக்கு சுகர்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" இதுதான் அவள் கவலை. எனக்கோ அப்போது கணக்குப் பரீட்சைக்கு அப்பால் எந்த எதிர்காலமும் கண்ணில் படவில்லை. ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குள் இன்சுலின் ஒளிந்திருக்கும். விருந்தாளி வந்தால் நானும் ஊசியும் பாத்ரூமுக்குள் போய்விடுவோம்.

இப்படியே காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, திருப்பதியில் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது.

சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி போடவேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. மண்டபத்தில் இலை போட்டார்கள். உப்பும் மாங்காய் ஊறுகாயும் வைத்தார்கள். சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாளி கிளம்பியதை நானே பார்த்தேன். அம்மா கண்ணைக் காட்டினாள். பாத்ரூமுக்கு ஓடி, வயிற்றில் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாக வந்து இலை முன்னால் உட்கார்ந்தேன்.

சாம்பார் வாளி பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது.

வெதுருகுப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் அப்போதுதான் வந்திருந்தது. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு என்பது எங்கள் பக்கத்தில் சட்டம். அவர்கள் வர நேரமாகும் என்று யாரோ எங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாசலில் நின்று இலைகளைப் பார்த்தார். "மேமு ராகமுந்தே விஸ்தர்லு வேசேசாரா?" என்றார். நாங்கள் வருவதற்கு முன்பே இலை போட்டுவிட்டீர்களா என்று கேட்டவர், அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உள்ளே வராமல் ஒரு பருக்கை பரிமாற முடியாது. பெரியவர்கள் எல்லோரும் சமாதானம் பேசப் போனார்கள். தமிழில் கெஞ்சினால் தெலுங்கில் முறுக்கிக்கொண்டார், தெலுங்கில் கெஞ்சினால் தமிழில் முறுக்கிக்கொண்டார்.

நான் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போன இன்சுலினுக்கு சம்பந்தி மரியாதையெல்லாம் தெரியாது. அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கை நடுங்கியது, முதுகில் தாவணி வியர்த்து ஒட்டியது. சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்கிற குளுக்கோஸ் பொட்டலம் என் பையில். பை மணப்பெண் அறையில். அறைச் சாவி அத்தையின் இடுப்பில். அத்தையோ வாசலில், சமாதானக் கூட்டத்தில். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அம்மா பக்கத்தில் வந்தாள். "இன்னாடி, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"மா, சுகர் எறங்குது" என்றேன். நாக்கு குழறியது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கான சீர்வரிசைத் தட்டுகள் இருந்தன. நடுத்தட்டில் லட்டுகளைக் கோபுரமாக அடுக்கி, கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்தார்கள். அம்மா நேராகப் போய்க் காகிதத்தைக் கிழித்து, அடி வரிசையிலிருந்து ஒரு லட்டை உருவினாள். உச்சியிலிருந்து எடுத்திருக்கலாம், அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. கோபுரம் சரிந்தது. லட்டுகள் மண்டபமெங்கும் உருண்டன. ஒன்று வாசல்வரை போய்த் தாய்மாமனின் செருப்பில் முட்டி நின்றது.

மனிதர் எழுந்து உள்ளே வந்துவிட்டார். கோபத்தில்தான், ஆனாலும் வந்துவிட்டார்.

"சீர்லயே கைய வெக்கிறீங்களா?" என்றார்.

அம்மா என் வாயில் லட்டைத் திணித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எம் பொண்ணுக்கு சுகர். ஊசி போட்டுக்கினு உக்காந்துகினு கீறா. துன்னலன்னா வுழுந்துடுவா. உங்க சண்டைய அப்புறமா போட்டுக்குங்க."

 மண்டபத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். பாகற்காய்ச் சாறு என்றார் ஒருவர். சுகருக்கு லட்டு கொடுக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்றாள் ஒரு கிழவி. ஊசியை நிறுத்தினாலே எல்லாம் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். எனக்கு வந்த எரிச்சலுக்கு, மிச்ச லட்டையெல்லாம் அவர் வாயில் அடைத்திருப்பேன். தாய்மாமன் மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு எதிர் இலையில் வந்து உட்கார்ந்தார். "சோறு எட்த்தாங்கய்யா, புள்ள காத்துக்கினு கீது" என்றார்.

வாளி நகர்ந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், ஒரு வருடமாக அம்மா எதற்குப் பயந்தாளோ அதையே கேட்டது. "அய்யோ பாவம், இந்தப் பொண்ண இனிமே எவன் கட்டிக்குவான்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பரிமாறுகிறவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி, என் இலையில் சோற்றைப் போட்டாள். சாம்பாரையும் அவளே ஊற்றினாள்.

"கட்டிக்கிறவன் மெதுவா வரட்டும்" என்றாள். "நீ துன்னு."