பல்லுக்கு ஊக்கு கிடையாது

போன மாதம் ஒரு காலை. ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் பல்லைப் பார்த்துத் திடுக்கிட்டேன். கீழ்வரிசை முன்பல் ஒன்று மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிந்தது. இந்த வயதில் பல் வளருமா என்ன?

மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “டீயை ஆத்தி ஆத்திக் குடிக்கிறீங்க... ஐஸ் தண்ணின்னா அலறுறீங்க. கெளம்புங்க டாக்டர்ட்ட” என்றாள். கணக்கு டீச்சர். விடை தெரியாமல் விடமாட்டாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான் பல் டாக்டர். சின்ன வயசுப் பெண். பார்த்ததுமே சொல்லிவிட்டார் — “பல் வளரல சார். ஈறு கீழ எறங்கிருச்சு. வேர் வெளிய தெரியுது. அதான் கூசுது.”

ஏன் இறங்கியது? பல்லோரம் காரை படிந்து ஈறு வீங்கியிருக்கிறதாம். போதாததற்கு, கெட்டி பிரஷ்ஷை வைத்துச் சட்டைக் காலரைத் தேய்ப்பதுபோலத் தேய்த்திருக்கிறேன். “அது சரி சார், இந்த இடத்துல மட்டும் குத்துன காயம் மாதிரி இருக்கே?”

என் வாய் திறந்துதான் இருந்தது. கூட வந்திருந்த ஸ்டெல்லா பேசினாள்.

“ஊக்கு டாக்டர்! கறி சாப்ட்டா என் செயின்ல கிடக்குற ஊக்கக் கழட்டிக் குத்துவாரு.”

நம் பக்கத்தில் இது என்ன புதுசா? தாலிச் செயினில் ஊக்கு தொங்காத பெண்கள் எத்தனை பேர்? சேலைக்குக் குத்த, காலில் முள் எடுக்க, பிரியாணிக்குப் பிறகு வீட்டுக்காரருக்குப் பல் குத்த... எல்லாவற்றுக்கும் அதுதான். குத்தக் குத்த ஈறு இறங்குகிறது. இறங்க இறங்க இடுக்கு அகலமாகிறது. அகலமானால் இன்னும் கறி சிக்கும். மறுபடி ஊக்கு!

“போன ஈறு தானா வளராது சார். இருக்கறதக் காப்பாத்தலாம். இப்படியே விட்டா பல்லு ஆடி விழுந்துரும்.”

அவ்வளவுதான். பல்லை விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அன்றே க்ளீன் பண்ணிக்கொண்டேன். ‘க்ளீன் பண்ணினால் பல் ஆட்டம் கொடுக்கும்’ என்று பயமுறுத்தியவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிருதுவான பிரஷ், பேனா பிடிப்பதுபோல லேசான பிடி, ஈறோரம் சின்னச் சின்ன வட்டமாக — காலையிலும் ராத்திரியும். பல்லிடுக்குக்கென்று டாக்டர் கொடுத்த குட்டி பிரஷ் சட்டைப் பையில். ஸ்டெல்லா தன் பங்குக்கு, செயினிலிருந்த ஊக்கையெல்லாம் கழற்றி பீரோவில் போட்டுப் பூட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான பரீட்சை. ஸ்டெல்லாவின் அண்ணன் நிலக்கோட்டையில் பூ வியாபாரம் பார்க்கிறார். அவர் பேத்திக்கு ஞானஸ்நானம். பந்தியில் மட்டன் பிரியாணி. சாப்பிட்டு எழுந்ததும் மச்சான் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

“ஆத்தா ஸ்டெல்லா, அந்த ஊக்கக் குடு.”

அந்த வீட்டில் ஒரே ஊக்கு மச்சானிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அடுத்தவருக்கு என்று சுற்றி வரும். நடுவில் பேருக்கு ஒரு கழுவல்.

“இல்லண்ணே. இனிமே பல்லுக்கு ஊக்கு கிடையாது.”

பந்தியே திரும்பிப் பார்த்தது. மச்சான் விடுவாரா? வேறு யாரிடமோ ஒன்றை வாங்கி, குத்தி முடித்து, “இந்தாங்க மாப்ள” என்று என்னிடம் நீட்டினார்.

எனக்கோ அதே முன்பல் இடுக்கில் ஒரு கறி நார். நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது. கை பாதி தூரம் போய்விட்டது. ஸ்டெல்லா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வேணாம் மச்சான்” என்றேன். கையை மடக்கிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனேன். நன்றாகக் கொப்பளித்தேன். குட்டி பிரஷ்ஷை மெதுவாக உள்ளே விட்டேன். நார் வந்துவிட்டது... ஒரு சொட்டு ரத்தம் இல்லை! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் மச்சான். “இது நல்லாருக்கே மாப்ள! செத்த நேரம் குடுங்க, நானும் எடுத்துக்கிறேன்.”

மச்சான் எதைக் கேட்டாலும் கொடுப்பேன் — இந்த பிரஷ்ஷையும் அந்தப் பல்லையும் தவிர!